பதிதம் என்னும் படைக்கலம்: உதயம்பேரூரிலிருந்து கண்டி வரை

சமயங்களின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஒரு சமயத்துக்கும் மற்றொரு சமயத்துக்கும் இடையே நிகழ்ந்த மோதல்களையே முதன்மைப்படுத்தி நோக்குவர். ஆயின் ஒரே சமயத்தினுள், ஒரே வேதத்தை ஓதி ஒரே இறைவனை வணங்கியோரிடையே நிகழ்ந்த கொடுமைகள் இவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல. அன்றியும், இத்தகைய உட்பூசல்கள் வெறுமனே கோட்பாட்டு வேறுபாட்டால் மட்டும் எழுந்தவை எனக் கொள்வதும் பொருந்தாது. நிலத்தையும் வாணிகத்தையும் ஆட்சியையும் கைப்பற்ற விரும்பியோருக்குக் கோட்பாட்டுக் குற்றச்சாட்டு மிகக் கூரிய படைக்கலமாகப் பயன்பட்டது. மத்தியகால ஐரோப்பாவில் வடிவம் பெற்ற இப்படைக்கலம், கடல் கடந்து மலையாளக் கரையையும் ஈழத்தையும் வந்தடைந்த வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

திருச்சபை ஏற்றுக்கொண்ட கோட்பாட்டுக்கு மாறான கருத்தைப் பிடிவாதமாகக் கொண்டிருத்தலை ஐரோப்பிய மொழிகள் சுட்டும் சொல், 'ஹைரெஸிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததாகும். அச்சொல்லின் தொடக்கப் பொருள் 'தெரிவு' என்பதே. ஒருவர் தாமாகத் தெரிந்தெடுத்த கொள்கை என்று பொருள்பட்ட சொல், காலப்போக்கில் தண்டனைக்குரிய குற்றத்தின் பெயராயிற்று. தமிழ்க் கத்தோலிக்க மரபு இதனைப் 'பதிதம்' என்றும் 'தப்பறை' என்றும் 'பேதகம்' என்றும் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் சபையினரை மறுத்து எழுதிய உரைநடை நூலுக்குப் 'பேதக மறுத்தல்' எனப் பெயரிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. பதிதன் என்ற சொல்லுக்கு 'விழுந்தவன்' என்பது பொருள். விழுவதற்கு முன் அவன் உயரத்தில் நின்றிருத்தல் வேண்டும். அஃதாவது, அவன் முன்னர் நம்மவனாக இருந்திருத்தல் வேண்டும்.

இக்கருத்து ஊன்றி நோக்கற்பாலது. புறச்சமயத்தவன் பகைவன் ஆகலாம். ஆனால் பதிதன் ஆக முடியாது. திருச்சபைச் சட்டத்தின்படியும் பதித விசாரணை திருமுழுக்குப் பெற்றவர்மீதே செல்லுபடியாகும். எனவே, ஒருவரைப் பதிதர் எனக் குற்றஞ்சாட்ட விரும்பும் அதிகாரம், முதலில் அவரைத் தன்னைச் சேர்ந்தவர் என உரிமை கொண்டாட வேண்டியதாகிறது. உரிமை கொண்டாடுதல் முதற்படி. அவ்வுரிமைக்கு அடங்க மறுத்தலைக் குற்றமாக்குதல் இரண்டாம் படி. குற்றவாளியின் உடைமையைப் பறித்தல் மூன்றாம் படி. நாம் நோக்கவிருக்கும் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவற்றில் இம்மூன்று படிகளையும் தெளிவாகக் காணலாம்.

ஐரோப்பிய முன்மாதிரி

மேற்கு ஐரோப்பாவில் பதிதத்தை ஒழிக்கும் பணியில் திருச்சபையும் அரசும் கைகோத்த காலம் 12ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியாகும். 1184ஆம் ஆண்டில் வெரோனா நகரில் பாப்பரசர் மூன்றாம் லூசியசும் பேரரசன் பிரெடெரிக் பார்பரோசாவும் செய்துகொண்ட இணக்கத்தின்படி, பதிதரைத் தேடிக் கண்டறிதல் ஆயர்களின் கடமையாகவும், அவர்களைத் தண்டித்தல் உலகியல் ஆட்சியாளரின் கடமையாகவும் வகுக்கப்பட்டன. 1199ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் இன்னொசெந்து விடுத்த ஆணை பதிதத்தை இராசத் துரோகத்துக்கு ஒப்பிட்டது. இராசத் துரோகிக்கு உரிய தண்டனைகளுள் ஒன்று உடைமை பறிமுதல். இவ்வொப்புமையினால் பதிதனின் நிலமும் பொருளும் பறிக்கத்தக்கன ஆயின. கோட்பாட்டுப் பிழையொன்று நிலவுடைமைக் கேள்வியாக மாறிய தருணம் இதுவே எனலாம்.

இதன் விளைவை தெற்குப் பிரான்சு அனுபவித்தது. அங்கு நல்லது தீயது என்னும் இரு தத்துவங்களைப் போதித்த 'கதார்' எனப்படுவோர் பரவியிருந்தனர் என்பது திருச்சபையின் குற்றச்சாட்டாகும். 1208ஆம் ஆண்டில் பாப்பரசரின் தூதர் கஸ்தெல்நோவின் பேதுரு கொலையுண்டதைத் தொடர்ந்து சிலுவைப் போர் அறிவிக்கப்பட்டது. 1209 யூலை 22ஆம் நாள் பெசியே நகரம் சூறையாடப்பட்டு மக்கள் வேறுபாடின்றிக் கொல்லப்பட்டனர். அந்நகரும் கார்க்கசோனும் திரெங்கவெல் குடும்பத்தின் ஆட்சியில் இருந்தவை. அக்குடும்பத் தலைவன் தான் பதிதன் என ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. எனினும் அவன் சிறையில் மாண்டான். அவன் நாடு வடபுலத்துப் பிரபுவான சீமோன் தெ மொன்போருக்கு வழங்கப்பட்டது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம், தன் நாட்டிலிருந்து பதிதத்தைத் துடைக்கத் தவறிய ஆட்சியாளனின் குடிகள் அவனுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை எனவும், அவனது நிலத்தைக் கத்தோலிக்கர் கைப்பற்றலாம் எனவும் விதித்தது. பதிதனாக இருத்தல் மட்டுமன்றிப் பதிதனைப் பொறுத்துக்கொள்ளுதலும் இழப்புக்குரிய குற்றமாயிற்று. போரின் முடிவில், 1229ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி துலூஸ் பிரபுவின் ஒரே மகள் பிரெஞ்சு அரசனின் சகோதரனுக்கு மணம் பேசப்பட்டாள்; 1271ஆம் ஆண்டில் துலூஸ் முழுவதும் பிரெஞ்சு முடியின் உடைமையாயிற்று. ஆன்மாக்களை மீட்கத் தொடங்கிய போர் மத்தியதரைக் கடல்வரை பிரெஞ்சு அரசை விரித்தலில் முடிந்தது.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. கதார் மக்களைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி அவர்களைக் குற்றஞ்சாட்டியோர் எழுதிவைத்தவையே. அண்மைக்கால வரலாற்றாசிரியர்களுள் ஆர். ஐ. மூர் போன்றோர், ஒழுங்கமைந்த கதார் திருச்சபை என்பதே பெரிதும் விசாரணையாளரின் கற்பனையில் உருப்பெற்றது என வாதிடுகின்றனர். வேறு சில அறிஞர் இதனை மறுக்கின்றனர். விவாதம் எவ்வாறு முடியினும், குற்றஞ்சாட்டியவனின் ஏட்டிலிருந்து குற்றவாளியின் கொள்கையை அறிய வேண்டியிருத்தல் இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு தேவாலய வீரர் சபையினது வீழ்ச்சியாகும். பெருஞ்செல்வம் படைத்த இச்சபைக்குப் பிரெஞ்சு அரசன் நான்காம் பிலிப்பு கடன்பட்டிருந்தான். 1307 அக்டோபர் 13ஆம் நாள் பிரான்சிலிருந்த சபையினர் யாவரும் ஒரே நாளிற் கைது செய்யப்பட்டு, கிறிஸ்துவை மறுதலித்தமை முதலிய பதிதக் குற்றங்கள் சுமத்தப்பட்டனர். சித்திரவதையின்கீழ் ஒப்புதல் வாக்குமூலங்கள் பெறப்பட்டன. அவற்றைப் பின்னர் மறுத்தோர், திரும்பவும் விழுந்த பதிதர் எனக் கருதப்பட்டனர். 1310ஆம் ஆண்டில் பாரிசில் 54 பேர் எரிக்கப்பட்டனர். 1312ஆம் ஆண்டிற் சபை கலைக்கப்பட்டது. 1314ஆம் ஆண்டில் அதன் தலைவர் யாக் தெ மொலே எரிக்கப்பட்டார். போர்த்துக்கல் மன்னன் தினிஸ் வேறு வழியைப் பின்பற்றினான். தன் நாட்டிலிருந்த அச்சபையின் உடைமைகளைக் கொண்டு 1319ஆம் ஆண்டில் 'கிறிஸ்துவின் சபை' என்னும் புதிய அமைப்பை அவன் நிறுவச் செய்தான். 15ஆம் நூற்றாண்டில் கடல்கடந்த நாடுகளின் சமய அதிகாரம் இச்சபைக்கே பாப்பரசரால் வழங்கப்பட்டது. அதன் செஞ்சிலுவை பொறித்த பாய்களுடனேயே வாஸ்கோட காமாவின் கப்பல்கள் 1498ஆம் ஆண்டில் கோழிக்கோட்டை அடைந்தன. பதிதம் என ஒரு நாட்டில் அழிக்கப்பட்ட அமைப்பின் வாரிசு, மற்றொரு நாட்டின் கொடியாகக் கீழைத்தேயம் வந்த முரண்பாடு வியப்புக்குரியது.

மலையாளக் கரையில்

போர்த்துக்கேயர் மலையாளக் கரையை அடைந்தபோது அங்கு கிறிஸ்தவர்கள் ஏற்கனவே வாழ்ந்துவந்தனர். தோமையார் வழி வந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட அவர்கள், சுரியானி மொழியில் வழிபாடு நடத்தினர். தமக்குரிய ஆயர்களை மெசொப்பொத்தேமியாவிலிருந்த கீழைத் திருச்சபையிலிருந்து பெற்றனர். இத்தொடர்பு மிகத் தொன்மையானது. 6ஆம் நூற்றாண்டிற் கொஸ்மாஸ் என்னும் வணிகர், ஈழத்திலும் பாரசீகக் கிறிஸ்தவரின் கோயில் ஒன்று இருந்ததாகக் குறிப்பிடுகிறார். 1912ஆம் ஆண்டில் அநுராதபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இக்கூற்றுக்கு அரண் செய்கின்றது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849ஆம் ஆண்டில் வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்கு வழங்கிய அக்கொடைக்கு அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளிற் சாட்சிகள் ஒப்பமிட்டுள்ளனர். முஸ்லிம்களும் யூதரும் பாரசீகரும் தேவாலயக் கொடையொன்றுக்குச் சான்று பகர்ந்த சமூகச் சூழல் அது. அச்சூழலிற் பதிதம் என்ற சொல்லுக்கு இடமிருந்திருக்க முடியாது. ஒருவரை மற்றவர் உரிமை கொண்டாடவில்லை.

தொடக்கத்திற் போர்த்துக்கேயர் இக்கிறிஸ்தவரை உடன்பிறப்புகளாகவே வரவேற்றனர். அவர்கள் மிளகு விளைவிப்போராகவும் வணிகராகவும், நாட்டு மன்னர்களின் படைகளில் வீரராகவும் விளங்கினர். மிளகுக்காகக் கடல் கடந்து வந்தோர்க்கு இத்தகையோரின் நட்பு பெரும்பேறாகும். ஆயின் நட்பு போதாது எனத் தோன்றியபோது அதிகாரம் தேவைப்பட்டது. அவர்களின் ஆயர்கள் போர்த்துக்கேய மன்னனின் நியமனம் பெறாதவர்கள். பாக்தாத் பக்கத்து மறைமுதுவருக்குக் கடப்பாடு உடையவர்கள். இத்தொடர்பை அறுப்பதற்கு வாய்த்த கருவியே 'நெஸ்தோரியப் பதிதம்' என்ற குற்றச்சாட்டாகும்.

கொன்ஸ்தாந்திநோப்பிளின் மறைமுதுவராயிருந்த நெஸ்தோரியசை 431ஆம் ஆண்டில் எபேசுச் சங்கம் கண்டித்தது. கிறிஸ்துவிடத்து அமைந்த தெய்வத் தன்மையும் மனிதத் தன்மையும் எவ்வாறு இணைந்தன என்பதும், மரியாளைத் 'தேவனின் தாய்' என்று கூறலாமா என்பதும் அன்றைய விவாதப் பொருள்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விவாதம் மலையாளத்து மிளகுத் தோட்டங்களிற் புத்துயிர் பெற்றது. 1560ஆம் ஆண்டிற் கோவாவில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அங்கமாலியிலிருந்த மார் ஆபிரகாம் பதிதக் குற்றச்சாட்டுக்கு மீண்டும் மீண்டும் உள்ளாகி 1597ஆம் ஆண்டில் மறைந்தார். மெசொப்பொத்தேமியாவிலிருந்து வேறு ஆயர் வந்து சேராவண்ணம் துறைமுகங்களிற் காவலிடப்பட்டது. பின்னர், 1599ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கோவாப் பேராயர் அலெய்சோ தெ மெனேசஸ் தாமே மலையாளக் கரைக்கு வந்தார்.

மெனேசசின் பயணத்தைச் சமயப் பயணமாக மட்டும் காண்பது பொருந்தாது. போர்த்துக்கேயரின் கடலாதிக்கத்தை எதிர்த்து நின்ற குஞ்ஞாலி மரைக்காருக்கு மாறாகச் சாமூதிரியின் ஒத்துழைப்பைப் பெறும் முயற்சியும் அதே காலத்திலேயே நிகழ்ந்தது. 1600ஆம் ஆண்டில் நான்காம் குஞ்ஞாலி சரணடைந்து கோவாவிற் கொல்லப்பட்டார். அதே மெனேசஸ் 1607 முதல் 1609 வரை போர்த்துக்கேய இந்தியாவின் ஆளுநராகவும் பதவி வகித்தார். பேராயரின் கோலும் ஆளுநரின் வாளும் ஒரே கையிலிருந்த காலம் அது.

1599 யூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரிற் கூடிய சங்கத்திற் குருக்களும் பொதுமக்கள் பிரதிநிதிகளுமாக எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். சங்கம் கூடுமுன்னரே மெனேசஸ் ஊர்தோறும் சென்று பலரைக் குருக்களாக அபிஷேகம் செய்திருந்தார். தீர்மானங்களும் முன்னரே வரையப்பட்டு மலையாளத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. அத்தீர்மானங்கள் வழிபாட்டில் பாபிலோனிய மறைமுதுவரின் பெயரை நினைவுகூர்வதைத் தடை செய்தன. சுரியானி நூல்கள் பலவற்றைப் பெயர் சுட்டிக் கண்டித்தன. ஏனைய நூல்களைத் திருத்தத்துக்காக ஒப்படைக்கப் பணித்தன. கோவா விசாரணை மன்றத்தின் அதிகாரத்தை அம்மக்கள்மீது நிறுவின. போர்த்துக்கேய மன்னனின் பாதுகாப்பை வேண்டும் தீர்மானமும் அவற்றுள் இடம்பெற்றது.

இத்தீர்மானங்களுள் ஒன்று குறிப்பாக ஆராயத்தக்கது. 'தோமையாரின் நெறி வேறு, பேதுருவின் நெறி வேறு' என்று அம்மக்கள் கூறிவந்ததனைச் சங்கம் தப்பறையெனக் கண்டித்தது. கிறிஸ்துவின் தன்மைகளைப் பற்றிய நுண்ணிய கேள்வி இதில் எதுவும் இல்லை. எங்கள் மரபு எமக்குரியது, உரோமாபுரியின் மரபு உரோமாபுரிக்குரியது என்ற தன்னுரிமைக் கூற்றே இங்குப் பதிதமாயிற்று. முதலிற் கூறிய மூன்று படிகளுள் முதற்படி இங்கு வெளிப்படையாகவே தெரிகின்றது. அம்மக்களை உரோமாபுரியின் குடிகளென உரிமை கொண்டாடிய பின்னரே, அவர்களின் நெடுநாளைய வழக்கத்தைக் கீழ்ப்படியாமையெனக் கூற இயன்றது. சங்கத்தின் பின் அங்கமாலிக்கு யேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கு ரோஸ் ஆயராக நியமிக்கப்பட்டார். ஆயர் பீடம் கோவாவுக்குக் கீழ்ப்பட்டதாக்கப்பட்டது. எரியுண்ட நூல்களோடு அம்மக்களின் பழைய வரலாற்றுச் சான்றுகளும் அழிந்தன.

அரை நூற்றாண்டின் பின் இதன் எதிர்விளைவு தோன்றியது. 1652ஆம் ஆண்டில் மயிலாப்பூர் வந்தடைந்த அகத்தல்லா என்னும் சுரியானி ஆயரைப் போர்த்துக்கேயர் தடுத்துக் கோவாவுக்குக் கொண்டுசென்றனர். அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்ற வதந்தி பரவவே, 1653 சனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் மக்கள் திரண்டு, கயிறு கட்டிய சிலுவையைப் பற்றியவாறு, இனி யேசு சபையினருக்குக் கீழ்ப்படியோம் என ஆணையிட்டனர். 'கூனன் குரிசுச் சத்தியம்' என வழங்கும் நிகழ்ச்சி இதுவே. ஆணையிட்டோருட் பலர் பின்னர் உரோமாபுரியோடு ஒப்புரவாயினர். எஞ்சியோர் 1665ஆம் ஆண்டில் வந்த மார் கிரெகோரியோசை ஏற்றுக்கொண்டனர். இவர் அந்தியோக்கிய மரபைச் சேர்ந்தவர்; கிறிஸ்துவின் தன்மை பற்றிய விவாதத்தில் அந்தியோக்கிய மரபு நெஸ்தோரிய நிலைக்கு நேர் எதிரானது. உண்மையாகவே அம்மக்கள் நெஸ்தோரியக் கோட்பாட்டிற் பிடிவாதமுடையோராயின், நேர்மாறான கோட்பாடுடைய ஆயரை வரவேற்றிருப்பரோ? அவர்கள் காக்க முனைந்தது தம் மரபின் தன்னுரிமையையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1994 நவம்பரில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் கீழைத் திருச்சபையின் மறைமுதுவர் நான்காம் மார் தின்காவும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இரு திருச்சபைகளும் கிறிஸ்துவைப் பற்றி ஒரே விசுவாசத்தையே கொண்டுள்ளன என ஏற்றுக்கொண்டது. 'தேவனின் தாய்', 'கிறிஸ்துவின் தாய்' என்னும் இரு வழக்குகளும் முறையானவையே என்றும் அது கூறிற்று. அங்கீகாரம் வந்தது, எரிந்த ஏடுகள் திரும்பவில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில்

படைக்கலம் எவர் கையிலும் ஏறக்கூடியது. 1656ஆம் ஆண்டிற் கொழும்பையும் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கல்வினிய சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தோர். உரோமாபுரியின் கண்ணில் அவர்களே பதிதர். அவர்களின் கண்ணிலோ கத்தோலிக்கர் விக்கிரக வணக்கத்தில் வீழ்ந்தோர். 1658ஆம் ஆண்டில் அவர்கள் விடுத்த கட்டளை, கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை விதித்தது. நேற்றுவரை பதிதரைத் தேடியோர் இன்று தேடப்படுவோர் ஆயினர்.

ஒல்லாந்தரின் அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. யாழ்ப்பாணம் வீழ்ந்த சிறிது காலத்திலேயே போர்த்துக்கேயருக்குச் சார்பான சதியொன்று வெளிப்பட்டமையைப் பால்தேயுஸ் பாதிரியார் பதிவு செய்துள்ளார். ஆயின் சதி செய்த சிலரின் குற்றம், செபமாலை ஏந்திய யாவரின் குற்றமாயிற்று. அதனினும் ஆழமான விளைவு அன்றாட வாழ்க்கையில் ஏற்பட்டது. சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேட்டில் திருமுழுக்கும் திருமணமும் பதியப்பெற்றாலன்றி, அரசாங்க உத்தியோகமும் சட்டபூர்வமான திருமண உரிமையும் கிட்டா என்ற நிலை உருவாகியது. எனவே மக்கள் பதிவேட்டிற் சீர்திருத்தத் திருச்சபையினராகவும் வீட்டிற் கத்தோலிக்கராகவோ சைவராகவோ வாழப் பழகினர். வாக்குமூலத்தை வற்புறுத்திப் பெறும் அரசு, உண்மையை அறியும் வாய்ப்பைத் தானே இழந்துவிடுகிறது. கத்தோலிக்கர்மீதான தடைகளை 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆளுநர் மெயிற்லன்ட் நீக்கினார்.

கண்டியும் கீழைக்கரையும்

இவ்விரு ஐரோப்பிய வல்லரசுகளுக்கும் நடுவே நின்ற கண்டி இராச்சியத்தின் நடத்தை ஒப்புநோக்கத்தக்கது. கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகள், 1687ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கண்ணிற் படாமல் எளிய கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். 1692ஆம் ஆண்டில் அவர் கண்டிக்குச் சென்றபோது, அரசவையிற் செல்வாக்குப் பெற்றிருந்த லனெறோல் என்னும் பிரெஞ்சுக்காரர் அவரைப் போர்த்துக்கேய உளவாளி எனக் குற்றஞ்சாட்டினார். லனெறோல் கல்வினிய நெறியைச் சார்ந்தவர். 1685ஆம் ஆண்டில் நாந்து ஆணை விலக்கப்பட்டபின் அவரைப் போன்றோருக்கு அவர் தாய்நாட்டிலேயே இடமில்லாதிருந்தது. பதிதன் எனத் தன் நாட்டில் ஒதுக்கப்பட்ட இனத்தவன், அந்நிய மண்ணில் மற்றொருவனை அதே வகையில் ஒதுக்க முனைந்தமை மனித இயல்பின் வேதனைக்குரிய ஒரு கூறாகும்.

மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் வாஸ் அடிகளைக் காவலில் வைத்தான். அவரது நடத்தையை அவதானித்தான். பின்னர் விடுவித்துச் சமயப் பணியாற்ற அனுமதித்தான். 1711ஆம் ஆண்டிற் கண்டியிலேயே மறைந்த வாஸ் அடிகளைக் கத்தோலிக்கத் திருச்சபை 2015ஆம் ஆண்டிற் புனிதராகப் பிரகடனஞ் செய்தது. கண்டியரசன் பௌத்தன், வாஸ் அடிகளின் கோட்பாடு சரியா தவறா என்பது அவனுக்குரிய கேள்வியன்று, அவர் உளவாளியா அல்லரா என்பதே அவன் கேள்வி. உளவு என்ற குற்றச்சாட்டுக்குச் சான்று வேண்டும். சான்றில்லையேல் அது வீழ்ந்துவிடும். பதிதம் என்ற குற்றச்சாட்டுக்கோ மறுப்பே சான்றாகிவிடும். தேவாலய வீரர்கள் அதனாலேயே எரியுண்டனர். வாஸ் அடிகள் உயிர்தப்பியமைக்கு மன்னனின் பெருந்தன்மை மட்டுமன்றி, அவர்மீது சுமத்தப்பட்ட குற்றத்தின் தன்மையும் ஒரு காரணமாகும்.

இவ்விடத்திற் கீழைக்கரையின் வரலாறும் நினைவுகூரப்பட வேண்டும். 1626ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு தெ சா காலத்தில், அவர்களின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்று, நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என வரலாற்று நூல்கள் கூறும். முஸ்லிம்கள் திருமுழுக்குப் பெறாதவராதலின் அவர்களைப் பதிதர் எனக் கூற முடியாது; எனவே விசாரணை மன்றத்துக்குப் பதிலாக வெளியேற்றக் கட்டளை கையாளப்பட்டது. வாணிகப் போட்டியாளரை அகற்றுதல் என்ற நோக்கம் மட்டும் இரண்டுக்கும் பொதுவானது. ஒலுவில், நிந்தவூர், கல்முனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் இக்கரையின் ஊர்கள் யாவும் அக்குடியேற்றத்தாலேயே தோன்றின எனக் கொள்ளுதல் பொருந்தாது. அதற்கு முன்னரும் முஸ்லிம்கள் இங்கு வாழ்ந்தனர். எனினும் விரட்டப்பட்டோரை ஏற்றுக்கொண்ட நிலம் என்ற நினைவு இக்கரைக்கு உரியது. செனரத்தின் செயலிலும் அரசியற் கணிப்பு இருந்தது: கரையோரத்துக்கு உழவரும் வணிகரும் காவலரும் அவனுக்குத் தேவைப்பட்டனர். தேவை உள்ள அரசு பேதம் பாராட்டுவதில்லை போலும்.

இதனாற் கண்டியைச் சகிப்பின் பொன்னுலகமாகச் சித்திரித்தலும் ஆகாது. வாஸ் அடிகளின் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளை ஆதரித்த அதே அரசவை, 1740களில் சிறீ விஜய ராஜசிங்கன் காலத்திற் கத்தோலிக்கக் குருமாரை நாட்டிலிருந்து அகற்றியது. தென்னிந்திய நாயக்கர் மரபில் வந்த அம்மன்னனுக்குப் பௌத்தத்தின் பாதுகாவலன் என்ற பெயர் ஆட்சியுரிமைக்கே அவசியமாயிருந்தது. அரசியல் தேவை மாறியபோது அரசின் நடத்தையும் மாறியது.

நமக்கு அணித்தான சான்றுகள்

இக்கொடுமை கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதெனக் கூறி நாம் அமைதியடைய இயலாது. அநுராதபுரத்தில் 3ஆம் நூற்றாண்டில் மகாவிகாரைக்கும் அபயகிரிக்கும் இடையே எழுந்த வைதுல்யவாதப் பூசலில், அபயகிரியைச் சேர்ந்த அறுபது பிக்குகளை மன்னன் கோதாபயன் நாடுகடத்தினான். பின்னர் சோழநாட்டிலிருந்து வந்த சங்கமித்திரர் என்னும் பிக்கு, மகாசேனனின் ஆதரவைப் பெற்று மகாவிகாரையைப் பழிவாங்கினார். மகாவிகாரையினர் வெளியேறியதும், உரிமையாளரற்ற சொத்து அரசனுக்குரியது என்று வாதிட்டு அதன் கட்டடங்கள் இடிக்கப்பட்டு அபயகிரிக்கு எடுத்துச் செல்லப்பட்டன என மகாவமிசம் உரைக்கின்றது. ஈற்றில் வென்றது மகாவிகாரை, எழுதியதும் அதுவே. அபயகிரியின் தரப்பை எதிர்த்தரப்பின் ஏட்டிலேயே நாம் தேட வேண்டியுள்ளது.

இசுலாமிய வரலாற்றிலும் 833ஆம் ஆண்டில் கலீபா மஃமூன் தொடக்கிய 'மிஹ்னா' என்னும் விசாரணை குறிப்பிடத்தக்கது. குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற இறையியற் கேள்வியை நீதிபதிகளிடமும் அறிஞர்களிடமும் எழுப்பி, அரசு விரும்பிய விடையை அது வற்புறுத்தியது. இணங்க மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையும் கசையடியும் பெற்றார். கோட்பாட்டை வரையறுக்கும் உரிமை உலமாக்களுக்கா கலீபாவுக்கா என்பதே அதன் உட்கிடை எனப் பல ஆய்வாளர் கருதுவர். முத்தவக்கில் காலத்தில் அவ்விசாரணை கைவிடப்பட்டது. விசாரிக்கப்பட்ட இமாமின் பெயரால் ஒரு மத்ஹப் இன்றும் நிலைபெறுகின்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து ஒரு வரலாற்று மாணவன் தன்னிடம் வைத்துக்கொள்ளத்தக்க வினாக்கள் மூன்று உள. குற்றஞ்சாட்டியவர் எந்த உரிமையின்பேரிற் குற்றஞ்சாட்டினார்? தீர்ப்பின் பின் யாருடைய நிலமும் வாணிகமும் பதவியும் யார் கைக்கு மாறின? எவருடைய ஏடுகள் எஞ்சின, எவருடையவை எரிந்தன? இவ்வினாக்களை எழுப்புதலாற் கோட்பாட்டு வேறுபாடுகள் பொய்யென்றோ, நம்பிக்கைக்காக உயிர்விட்டோர் ஏமாந்தோரென்றோ கூறியதாகாது. கதார் மலைக்கோட்டையான மொன்செகூரில் 1244ஆம் ஆண்டில் ஏறத்தாழ இருநூறு பேர் தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்தே தீயிற் புகுந்தனர். அவர்களுக்கு அது வாழ்வா சாவா என்னும் கேள்வி. அக்கேள்வியைக் கருவியாக்கியோரையே வரலாறு விசாரிக்க வேண்டும்.

பதிதன் என்ற சொல் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. ஆயின் அதன் இடம் வெறுமையாக இல்லை. நமது காலத்தில் 'துரோகி' என்ற சொல் அவ்விடத்தை நிரப்பியது. அச்சொல்லும் உள்ளிருப்போர்மீதே பாய்வது. அதற்கும் மறுப்பே சான்றாகக் கொள்ளப்பட்டது. அதன் பின்னும் வீடுகளும் வயல்களும் கைமாறின. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், தாம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களிலிருந்து தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1626ஆம் ஆண்டின் வெளியேற்றத்துக்கும் இதற்கும் இடையே மூன்றரை நூற்றாண்டுகள் உள்ளன. முன்னையதைச் செய்தோர் அந்நியர், பின்னையதைச் செய்தோரும் அதற்கு ஆளானோரும் ஒரே தாய்மொழியினர். இவ்வேறுபாடே பின்னையதைப் பதிதத்தின் வரலாற்றோடு நெருங்கச் சேர்க்கின்றது.

தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் வெவ்வேறு எழுத்துகளில் ஒப்பமிட்டோர், ஒருவர் கோட்பாட்டை மற்றவர் ஏற்றுக்கொண்டமையால் ஒப்பமிடவில்லை. அண்டை வீட்டானின் உரிமைக்குத் தாம் சாட்சியாக நிற்கலாம் என்றே ஒப்பமிட்டனர். ஒரு சமூகத்தின் நாகரிகத்தை, அதனுள் எத்தனை பேர் ஒரே குரலிற் பேசுகின்றனர் என்பதைக்கொண்டு அளத்தல் ஆகாது. வேறு குரலிற் பேசுவோனின் உடைமைக்கும் உயிருக்கும் எத்தனை பேர் சாட்சியமளிக்க முன்வருகின்றனர் என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும்.